இல்லறத்தின் காவல்

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை முதலதிகாரமாகவும் இல்வாழ்க்கையை ஐந்தாம் அதிகாரமாகவும் அமைத்தார். இறைவனைப் போற்றிய பின்னரே மனையறம் கூறப்படுகின்றது என்னும் இவ்வைப்பு முறையைத் தமிழ் மாணாக்கர் அனைவரும் அறிவர். ஆயினும் முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள தொடர்பு யாது என்று வகுப்பறையில் நாம் கேட்பது அரிது. இறைநம்பிக்கை இல்லத்தைக் காக்குமா? காக்குமெனின் எதிலிருந்து காக்கும்? வழிகாட்டுமெனின் எவ்வளவு தொலைவு வழிகாட்டும்? இவ்வினாக்களைக் கிறித்தவ நம்பிக்கையை முன்வைத்து ஈண்டு ஆராயக் கருதுகின்றேன். அந்நம்பிக்கையில் பிறந்து வளர்ந்தவன் நான் என்பது ஒரு காரணம். இப்பொருளைத் தொட்டுத் தமிழில் இரு பெருங்காப்பியங்கள் எழுந்துள்ளன என்பதும், அவை ஒன்றற்கொன்று முரணான விடை தருவனபோல் தோன்றுகின்றன என்பதும் அதனினும் பெரிய காரணம்.

சிங்கப்பூரில் இவ்வினாவை எழுப்புவது சிலர்க்கு வியப்பளிக்கலாம். இங்கே குடும்பத்திற்குரிய காவல்கள் பலவற்றை நாடே அமைத்துத் தந்துள்ளது. முதுமைக்கு 1955இல் தோன்றிய மத்திய சேமநிதி. குடியிருப்புக்கு 1960இல் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். மனைவியர்க்கும் மக்கட்கும் 1961இல் நிறைவேறிய மாதர் சாசனம். இவற்றுக்கு மேல் காப்புறுதி நிறுவனங்கள் வேறு. இத்தனையும் இருக்க, ஞாயிறு காலைகளில் தேக்காவிலிருந்து நடந்தே செல்லத்தக்க தொலைவில் உள்ள ஓஃபிர் சாலை லூர்து அன்னை ஆலயத்திலும், ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபையிலும், டோர்செட் சாலை கிறிஸ்து ஆலயத்திலும் தமிழர் குடும்பம் குடும்பமாகக் கூடுவானேன்? லூர்து அன்னை ஆலயம் 1888இல் எழுந்தபோது மேற்சொன்ன காவல்களுள் ஒன்றேனும் இல்லை. அன்று வந்தவர் வேறு புகலிடம் இன்றி வந்தனர் எனலாம். இன்று வருவோரை அவ்வாறு கூறவியலாது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பதினைந்து வயதும் அதற்கு மேலும் உடைய சிங்கப்பூர்வாசிகளுள் 18.9 விழுக்காட்டினர் தம்மைக் கிறித்தவர் என்றே குறித்துள்ளனர். சட்டமும் சேமிப்பும் தரவியலாத ஒன்றை இவர்கள் நாடுகின்றனர் என்பது தெளிவு.

அஃது யாது என்பதில்தான் குழப்பம் தொடங்குகின்றது. தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு நெருங்கும் நாள்களில் பெற்றோர் பலர் என்னைக் காண வருவர். அவர்களுள் கிறித்தவர் சிலர், பிள்ளைக்காக உபவாசம் இருப்பதையும் சங்கிலி மன்றாட்டு நடத்துவதையும் கூறிவிட்டு, "இவ்வளவும் செய்திருக்கின்றோம், கடவுள் கைவிடமாட்டார் அல்லவா?" என்று கேட்பர். பிள்ளையோ அருகில் முகம் வெளுத்து நிற்கும். மன்றாட்டைக் குறை கூறுவது என் நோக்கமன்று, நானும் மன்றாடுபவனே. ஆயினும் மாதந்தோறும் சந்தா செலுத்தி, இடர் வந்தால் இழப்பீடு பெறும் காப்புறுதிப் பத்திரத்தைப் போல் இறைநம்பிக்கையைக் கருதுவோர் நம்மிடையே மிகுதி. பத்திரம் பலிக்காதபோது, செலுத்திய சந்தா போதவில்லை என்று தம்மையோ, வாக்குத் தவறினான் என்று இறைவனையோ நொந்துகொள்வர். இவ்விரு நோவுக்கும் நற்செய்தி நூல்கள் இடம் தருகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

பாறைமேல் கட்டிய வீட்டையும் மணல்மேல் கட்டிய வீட்டையும் பற்றிய உவமையை ஞாயிறு பள்ளிச் சிறுவரும் சொல்வர். அதில் ஒரு நுட்பம் உண்டு. மழையும் வெள்ளமும் காற்றும் இரு வீடுகளையும் ஒன்றுபோல் தாக்குகின்றன. பாறைமேல் கட்டியவனுக்கு வெயிலும் மணல்மேல் கட்டியவனுக்குப் புயலும் என்று இயேசுபிரான் பிரித்துக் கூறவில்லை. புயல் வாராது என்னும் உறுதி அவ்வுவமையில் எங்கும் இல்லை.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. இந்நாட்டின் எலிசபெத் சோய் அம்மையார் ஆழ்ந்த கிறித்தவ நம்பிக்கை உடையவர். ஆசிரியர் குலத்தவரும் ஆவார். ஜப்பானியர் ஆட்சியில் சாங்கியில் அடைபட்டிருந்தோர்க்கு மருந்தும் செய்தியும் கிடைக்க உதவினார் என்பதற்காக 1943இல் முதலில் அவர்தம் கணவரும், பின்னர் அவரும் கெம்பெய்தாய் காவலர் கையில் சிக்கினர். ஏறத்தாழ இருநூறு நாள் அவர் சித்திரவதைக்கு உள்ளானார். கணவர் கண்முன்னரே மனைவி துன்புறுத்தப்பட்டார். அந்த இல்லத்தை நம்பிக்கை எதிலிருந்து காத்தது? அடியிலிருந்து காக்கவில்லை, சிறையிலிருந்தும் காக்கவில்லை. போர் முடிந்தபின், வதைத்தவர்களைத் தண்டனைக்காக அடையாளம் காட்டுமாறு கேட்டபோது, குற்றம் போரின்மேலது என்று கூறி அவர் மறுத்தார். கணவனும் மனைவியும் பின்னாளில் மூன்று பெண் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்தனர். வெறுப்பு அவ்வில்லத்தினுள் குடியேறவில்லை. காவல் என்று சொல்லத்தக்கது அங்கே இருந்ததெனின் அஃது இவ்விடத்தில்தான் இருந்தது.

இனி, வழிகாட்டல். இதனைத் தேம்பாவணியைக் கொண்டு ஆராய்வதே தமிழாசிரியர்க்குப் பொருத்தம். இந்நூலைப் பாடம் சொல்லும் நாம் பெரும்பாலும் நாட்டு வளத்திலும் நகர் வளத்திலும் தங்கிவிடுகின்றோம். இத்தாலியில் பிறந்த ஒருவர் இவ்வாறு பாடினாரே என்று வியந்து, மணி அடித்ததும் நூலை மூடிவிடுகின்றோம். 1726இல் வீரமாமுனிவர் இயற்றிய இக்காப்பியம் மூன்று காண்டங்களும் முப்பத்தாறு படலங்களும் 3615 பாடல்களும் உடையது. இத்துணைப் பெரிய நூலுக்குத் தலைவர் இயேசுபிரான் அல்லர். வளன் என்று முனிவர் தமிழ்ப்பெயர் சூட்டிய சூசையே தலைவன். போர்க்களம் கண்டு புகழ் பெற்ற வேந்தனைப் பாடும் காப்பிய மரபிலே, தச்சுத்தொழில் செய்து மனைவியையும் குழந்தையையும் காத்த ஓர் இல்லறத்தானைத் தலைவனாக வைத்தது பெரும் துணிவு. தாவீதின் அரச மரபில் வந்தவன் என்னும் தகுதி அவனுக்கு உண்டு. ஆனால் அவன் ஆண்டது ஒரு வீட்டை மட்டுமே.

மூலமாகிய நற்செய்தி நூல்களில் சூசை பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. காப்பியம் உரையாடலை வேண்டுவதால் முனிவர் அவனைப் பேசவைத்தார். மத்தேயுவோ செயல்களை மட்டும் கூறி அமைகின்றார். அச்செயல்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் வழிகாட்டல் என்பதன் இயல்பு புலப்படும். நான்கு முறை கனவில் அவனுக்கு ஏவல் வருகின்றது. மரியாளை மனைவியாக ஏற்கத் தயங்க வேண்டா என்பது முதலாவது. குழந்தையைக் கொல்ல ஏரோது தேடுவதால் எகிப்துக்கு ஓடுக என்பது அடுத்தது. திரும்புக என்பது மூன்றாவது. கலிலேயாவுக்கு விலகிச் செல்லத் தூண்டியது நான்காவது. ஒவ்வொரு முறையும் ஓரடி மட்டுமே அவனுக்குக் காட்டப்படுகின்றது. எகிப்தில் எத்தனை ஆண்டு இருக்க வேண்டும் என்று சொல்லப்படவில்லை. மறுமொழி வரும்வரை இருக்க வேண்டும், அவ்வளவே. மொழி அறியா நாட்டில் உளியும் இழைப்புளியும் கொண்டு எவ்வாறு பிழைப்பது, குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் யாரிடம் செல்வது என்பனவெல்லாம் கனவில் வரவில்லை. அவை அவன் பொறுப்பு. பாட்டன் பாட்டியர் ரஜுலா கப்பலில் ஏறி நாகப்பட்டினம் நீங்கிய கதையைக் கேட்டு வளர்ந்த நம்மவர்க்கு இந்நிலை எளிதில் விளங்கும்.

மூன்றாம் கனவுக்கும் நான்காம் கனவுக்கும் இடையே மத்தேயு கூறும் ஒரு செய்தியை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. யூதேயாவை ஏரோதின் மகன் அர்கெலாவு ஆள்கின்றான் என்று கேள்வியுற்ற சூசை, அங்கே செல்ல அஞ்சினான். இறைவனே திரும்புமாறு ஏவியிருக்க, அஞ்சுவது நம்பிக்கைக் குறைவு என்று இன்றைய போதகர் சிலர் கூறக்கூடும். நற்செய்தியாளர் அவ்வாறு பழிக்கவில்லை. அவன் விசாரித்தான், ஆள்பவன் யார் என்று அறிந்தான், அவன் குணம் அறிந்து அஞ்சினான், அதன் பின்னரே நான்காம் ஏவல் வந்தது, அதுவும் அவன் அச்சத்தை ஒட்டியே வந்தது. குடும்பத்தலைவனின் விழிப்பும் உசாவலும் இறைவன் காட்டும் வழிக்குப் புறம்பானவை அல்ல என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று எனக்குக் கிடைக்கவில்லை. மருத்துவரிடம் செல்லாமல் மன்றாட்டு மட்டும் போதும் என்பார் இப்பகுதியை ஒருமுறை படித்தல் நலம்.

இனி மற்றொரு காப்பியம். திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடியில் 1827இல் பிறந்து, 1858இல் கிறித்தவம் தழுவிய எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, ஆங்கிலேயர் ஜான் பனியனின் உரைநடைக் கதையை மூலமாகக் கொண்டு பாடியது இரட்சணிய யாத்திரிகம். 1894இல் நூலாகியது. மூலக்கதை 'மோட்சப் பிரயாணம்' என்னும் பெயரில் தமிழ்க் கிறித்தவ இல்லங்களில் நெடுங்காலமாகப் பயிலப்படுவது. அதன் தொடக்கம் நம்மைத் திடுக்கிடச் செய்யும். அழியப்போகும் நகரைவிட்டு ஓடும் யாத்திரிகன், மனைவியும் மக்களும் பின்னாலிருந்து அழைக்க, காதுகளில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு ஓடுகின்றான். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடிய சூசை எங்கே? குழந்தையை விட்டுவிட்டு ஓடும் இவன் எங்கே? இருவரும் ஒரே இறைவனின் அழைப்புக்குச் செவிசாய்த்தவராகவே கூறப்படுகின்றனர். மாணவர் ஒருவர் எழுந்து, இவர்களுள் யார் செய்தது சரி என்று கேட்டால் ஆசிரியர் என்ன விடை கூறுவார்?

உருவகக்கதை என்று கூறித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் பனியன் வாழ்க்கையில் அஃது உருவகமாக இல்லை. இசைவு பெறாமல் சமயப் பேருரை ஆற்றினார் என்பதற்காக 1660இல் அவர் பெட்ஃபோர்டு சிறையில் அடைக்கப்பட்டார். இனிப் பொதுவில் பேருரை ஆற்றுவதில்லை என்று வாக்களித்தால் விடுதலை பெறலாம் என்னும் நிலை இருந்தும், அவர் இணங்காமல் ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டு சிறையில் இருந்தார். வெளியே இரண்டாம் மனைவி எலிசபெத்தும், மூத்த மனைவியின் நான்கு பிள்ளைகளும். அவர்களுள் மேரி என்னும் பெண் பார்வையற்றவள். கணவர் சிறைப்பட்ட அதிர்ச்சியில் எலிசபெத்துக்குக் கரு சிதைந்தது. 1661இல் அவ்விளம்பெண் நீதிபதிகள் முன் தனியே நின்று கணவர்க்காக வாதாடினார், பயன் இல்லை. சிறையில் இருந்தவாறே பனியன் காலணி நாடாக்கள் செய்து விற்றுக் குடும்பத்திற்கு அனுப்பினார். பார்வையற்ற மகளை நினைந்து தாம் பட்ட வேதனையைத் தம் வரலாற்றில் அவர் மறைக்காமல் எழுதியுள்ளார்.

பனியன் செய்தது தவறு என்று கூற என் நா எழவில்லை. மனச்சான்றை விற்று வாங்கிய சோற்றைப் பிள்ளைகட்கு ஊட்டுவதும் ஒருவகைத் தீங்கே. ஆயினும் அவரைப் போற்றி எழுதுவோர் பெரும்பாலும் எலிசபெத்தை ஓர் அடிக்குறிப்பில் நிறுத்திவிடுவது எனக்கு உடன்பாடன்று. கணவர் எடுத்த முடிவுக்கு உரிய விலையின் பெரும்பகுதியைச் செலுத்தியவர் அவரே. பனியனைக் காப்பது, அவரும் அவ்விலையில் பங்கு கொண்டார் என்பதும், நாடா முடைந்த விரல்களால் தம் கடமையை விடாது பற்றினார் என்பதுமே. இன்னொன்றும் உண்டு. 1678இல் முதற்பகுதியை வெளியிட்ட அவர், ஆறு ஆண்டு கழித்து 1684இல் இரண்டாம் பகுதியை எழுதினார். அதில் கைவிடப்பட்ட மனைவியும் மக்களும் அதே வழியில் புறப்படுகின்றனர். அவர்களுக்கு வழித்துணையாக வீரன் ஒருவனும் வருகின்றான். முதற்பகுதியின் சுவை இதில் இல்லை என்பர் திறனாய்வாளர். இருக்கட்டும். காதை அடைத்துக்கொண்டு ஓடியவனின் கதையை எழுதிய கை, பின்னால் நின்று அழைத்தவர்களின் கதையையும் எழுதாமல் இருக்கவில்லை என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

எனவே, நம்பிக்கையின் பெயரால் ஒரு முடிவு எடுக்கப்படும்போது அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்று வினவுதல் வேண்டும். முடிவு எடுப்பவரே சுமப்பாராயின் அதற்கு ஒரு மதிப்பு. பிறர் தலையில் ஏற்றுவாராயின் அதன் மதிப்பு வேறு.

இவ்வளவுகோலைக் கையில் எடுத்தால் நம் இல்லங்களில் நிகழும் சில செயல்கள் நன்கு தோன்றமாட்டா. மனைவி கணவனுக்குப் பணிய வேண்டும் என்னும் பவுலடியார் கருத்தை எபேசியர் நிருபத்திலிருந்து மேற்கோள் காட்டும் ஆடவர், அதற்கு முந்திய வசனத்தில் ஒருவர்க்கொருவர் பணிய வேண்டும் என்று அவரே கூறியதைப் படிப்பதில்லை. கணவன் தன்னையே மனைவிக்காக ஒப்புக்கொடுக்க வேண்டும் என்று பின்னர் வருவதையும் மறந்துவிடுகின்றனர். கணவன் அடிக்கின்றான் என்று அழுதுகொண்டு வரும் பெண்ணிடம், பொறுத்துக்கொள், மன்றாடு, கடவுள் அவனை மாற்றுவார் என்று கூறி அனுப்பும் நல்லோரை நான் கண்டுள்ளேன். கூறுபவர்க்கு அதில் ஒரு செலவும் இல்லை. அடி வாங்குபவள் அவள். பார்த்து நடுங்குவன அவள் பிள்ளைகள். மறுநாள் வகுப்பில் பென்சில் பிடிக்கும் விரல் நடுங்குவதைக் காண்பவர் ஆசிரியர். மாதர் சாசனத்தின்கீழ்ப் பாதுகாப்பு ஆணை பெறுவது நம்பிக்கைக்கு மாறானதன்று. மணமுறிவை ஏற்காத கத்தோலிக்கத் திருச்சபையும், துணைவருள் ஒருவரால் மற்றவர்க்கோ பிள்ளைகட்கோ உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெருந்தீங்கு நேருமாயின் பிரிந்து வாழ்தல் தகும் என்று தன் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1153ஆம் விதியில் கூறுகின்றது. 1879இல் முதல் தமிழ் நாவலை வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கரே. அவர் படைத்த ஞானாம்பாள் கணவனைவிட அறிவுடையவள். ஆண்வேடம் பூண்டு ஒரு நாட்டையே ஆண்டவள். வேதம் படித்த அவர் பெண்ணின் அறிவைக் கண்டு அஞ்சவில்லை.

பெற்றோர் செய்தியும் இத்தகையதே. பெற்றோர்க்குக் கொடுக்க வேண்டிய பொருளைக் கொர்பான், அதாவது கோவிலுக்கு நேர்ந்த காணிக்கை, என்று சொல்லிக் கைகழுவியவர்களை இயேசுபிரான் கடிந்துகொண்டதை மாற்கு எழுதியுள்ளார். தாய் தகப்பன் பட்டினி கிடக்கக் காணிக்கை செலுத்தும் பத்திமான்கள் அக்காலத்திலேயே இருந்தனர் போலும்! நியமன நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வால்டர் வூன் கொண்டுவந்து 1995இல் நிறைவேறிய பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின்படி, தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாத அறுபது வயது கடந்தோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோரலாம். அச்சட்டத்தை நாடி ஒரு கிறித்தவத் தாய் செல்ல நேருமாயின், மகன் செலுத்திய தசமபாகத்தின் மதிப்பு என்ன என்பதை அவன் போதகரே கூறட்டும்.

இதுகாறும் கூறியவற்றினும் கடினமான ஒன்று நம் தமிழ்க் குடும்பங்களில் உண்டு. ஒரே வீட்டில் தந்தை சைவர், மூத்த மகன் கிறித்தவர், மருமகள் வேறு சபை என்னும் நிலை சிங்கப்பூரில் புதிதன்று. திருமணத்தில் தாலியா மோதிரமா என்பது எப்படியோ பேசித் தீர்ந்துவிடும். மரணம் வரும்போது அவ்வாறு தீர்வதில்லை. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் இளமையில் ஞானஸ்நானம் பெற்றவர். அவர் தந்தையார் நாள் தவறாமல் திருநீறணிந்து சிராங்கூன் சாலைக் கோவிலுக்குச் சென்று வந்தவர். தந்தையார் மறைந்தபோது, மூத்தவரே கொள்ளி வைக்க வேண்டும் என்று உறவினர் நெருக்கினர். தொடவே கூடாது என்று சபையார் எச்சரித்தனர். இரு சாராரும் சமயத்தின் பெயராலேயே பேசினர். இரு சாராரும் இழப்பதற்கு ஒன்றும் இல்லாதவர். கணவரை இழந்த தாயார் நடுவில் இருந்தார்.

மாணவர் தாயாரிடம் சென்று தம் மனநிலையை மறைக்காமல் கூறினார். கிரியைகளைத் தம்பி செய்வதெனத் தாயாரே முடிவு செய்தார். மூத்தவர் ஆலயத்திற்கு ஓடி ஒளியவில்லை. இரவு முழுதும் அடுக்குமாடி வீட்டின் கீழ்த்தளத்தில் விழித்திருந்தார். தோள் கொடுத்துத் தூக்கினார். மண்டாய் தகனச்சாலையில் தம்பியின் அருகிலேயே நின்றார். உறவினருள் ஒருவர் எல்லார்க்கும் கேட்கும்படி ஏசியதற்கு அவர் மறுமொழி கூறவில்லை. பதினாறாம் நாள் படையலில் கலந்துகொள்ளாவிட்டாலும், வந்தவர்க்கெல்லாம் இலை போட்டுத் தண்ணீர் வைத்து, உண்டபின் எச்சில் இலை எடுத்தவர் அவரே.

அதன்பின் தாயார் மூத்த மகன் வீட்டிலேயே தங்கிவிட்டார். கூடத்தில் சிலுவை தொங்குகின்றது. தாயாரின் அறையில் ஒரு சிறு மாடத்தில் முருகன் படமும் விளக்கும் உள்ளன. சபை மக்களுள் சிலர் இது குறித்து முணுமுணுத்தது என் செவிக்கும் எட்டியது. அண்மையில் அவரைத் தேக்கா சந்தையில் கண்டபோது, அந்த மாடத்தைப் பற்றி மெல்லக் கேட்டேன். அம்மாவுக்கு இப்போது சர்க்கரை அளவு குறைந்திருக்கின்றது என்றும், மருந்து வேளையைத் தம் மனைவி ஒருநாளும் தவறவிடுவதில்லை என்றும், அவர் கேட்ட மல்லிகைச் சரத்தை வாங்கவே சந்தைக்கு வந்ததாகவும் கூறினார். நான் கேட்டது வேறு என்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.